நாலும் ஒண்டுபோல

தேநீரைக் கோப்பைகளில் ஊற்றிய பிறகு அவர் முழங்காலை மடித்துக் கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுவருவார். எல்லாக் கோப்பைகளிலும் தேநீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். ஒன்றில் கூடியிருந்தால் கரண்டியால் எடுத்துக் குறைந்திருப்பதில் விடுவார். மறுபடி குனிவார். புதிதாக வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

"அப்பா, தேத்தண்ணி ஆறுது" என்று ஜெனி கத்துவாள்.

"ஆறினால் எல்லாம் ஒண்டாத்தான் ஆறும். கத்தாதை."

ஜெனி அவருடைய ஒரே மகள். லண்டன் ஹவுன்ஸ்லோவில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து நாங்கள் அந்த வீட்டில் குடியேறியபோது என் மகள் காவ்யா ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். ஜெனிக்கும் அதே வயது. அவர் மன்னாரிலிருந்து வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. விமான நிலையத்தில் பெட்டி வண்டிகளை இழுக்கும் சிறு டிராக்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. முதல் நாளே என்னைத் தங்கச்சி என்றார். நான் அண்ணே என்றேன். "எங்கட ஊரில அண்ணை. பரவாயில்லை, உங்கட மாதிரியே கூப்பிடுங்கோ" என்றார்.

இப்போது அவர்கள் பக்கத்து வீட்டில் இல்லை. மாடிப்படி இல்லாத வீடு வேண்டும் என்று குட்மேய்ஸ் பக்கம் போய்விட்டார்கள். லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. பண்டிகைக்கு வாழ்த்துச் செய்தி வரும், போகும். அவ்வளவுதான்.

நாங்கள் குடிவந்த முதல் சனிக்கிழமை காலையில் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பல் மருத்துவர் கையில் இருக்கும் கருவியின் சத்தம்தான், ஆனால் மாட்டின் பல்லைக் குடைவதுபோல. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவருடைய மரக்கொட்டகையின் கதவு திறந்திருந்தது. காதில் பெரிய மூடி, கண்ணில் கண்ணாடி, வாயில் முகமூடி. புருவங்களில் வெள்ளித் தூள் மினுங்கியது. என்னைக் கண்டதும் கருவியை நிறுத்திவிட்டு, சத்தம் தொந்தரவா என்று கேட்டார். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"இது காரின்ர என்ஜினுக்கு மேல இருக்கிற ஹெட். இந்த ஓட்டையால காத்தும் பெற்றோலும் உள்ள போகும். இந்தப் பக்கத்து ஓட்டையால புகை வெளிய வரும். ஃபக்டரியில வார்த்து எடுத்தபடி விட்டிருவினம். உள்ளுக்குள்ள மேடு, பள்ளம், சுரசுரப்பு. காத்து முட்டி முட்டிப் போகும். நான் மேட்டைச் செதுக்கி வழி விடுறன். அவ்வளவுதான்."

"வண்டி வேகமாப் போகுமா?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கிறது. எத்தனை குதிரை கூடும், எத்தனை குதிரை கூடும். நாலு வாயும் ஒரே மாதிரி மூச்சு விடும் தங்கச்சி. அதுதான் கணக்கு. ஒண்டு கூட இழுத்து ஒண்டு குறைய இழுத்தால் என்ஜின் உதறும். நாலும் ஒண்டுபோல இருக்கோணும்."

கருவி பேனா மாதிரிப் பிடிக்கும் ஒரு கைப்பிடி. அதன் நுனியில் சின்னப் பைன் காய் போன்ற எஃகு முனை சுழலும். அலுமினியம் இளகி அந்த முனையின் பற்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது அதில் மெழுகுதிரியைத் தேய்ப்பார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மனைவிக்கு அது பிடிக்காது. "ஆரோ அழுது வேண்டி ஏத்தின மெழுகுதிரி. இவர் அதைக் கொண்டுவந்து காருக்குத் தேய்க்கிறார்" என்பார். "அவையின்ர வேண்டுதல் எரிஞ்ச இடத்தோட முடிஞ்சுது. இது மிச்சம்" என்பார் இவர்.

செதுக்கிய பிறகுதான் அவருக்குப் பிடித்த வேலை. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, பெட்ரோல் வெடித்து எரியும் குழியைக் கண்ணாடி போன்ற தகட்டால் மூடி, அதிலுள்ள சிறு துளை வழியே ஊசியில்லாத சிரிஞ்சால் நீலத் திரவத்தை விடுவார். குழி நிறைய எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார். பிறகு அடுத்த குழி. நான்கிலும் ஒரே அளவு பிடிக்கும்வரை ஓயமாட்டார். கூடியதைக் குறைக்க முடியாது. குறைந்ததைத்தான் கூடியதன் அளவுக்குச் செதுக்க வேண்டும். "எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க ஏலாது" என்பார். அது அலுமினியம்தான். ஆனாலும் இரும்பு என்றே சொல்வார்.

அவர் வீட்டு வாசலில் இரண்டு ரோஜாச் செடிகள் இருந்தன. கதவுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. ஒரு வருடம் இடதுபுறச் செடியில் கரும்புள்ளி விழுந்து தண்டுவரை காய்ந்துவிட்டது. அவர் அதை நிலத்தோடு வெட்டினார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், வலதுபுறச் செடியையும் வெட்டிக்கொண்டிருந்தார். அதில் பூக்கள் இருந்தன. மொட்டுகளும் இருந்தன.

"ஏன் அண்ணே, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒண்டு இல்லாமல் மற்றது நிண்டால் பாக்க ஏலாது, தங்கச்சி."

பூக்களோடு வெட்டிய கிளையை எனக்கு நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அலுவலகத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குவளையில் வைத்தேன்.

இன்னொரு நாள் அவருடைய கை வழுக்கிவிட்டது. புகை போகும் துளை ஒன்றின் சுவரில் எஃகு முனை ஆழமாகக் கீறிவிட்டது. சீர் செய்ததில் அந்தத் துளை மற்றவற்றைவிட அகலமாகிவிட்டது. அவர் அரைநாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய், நன்றாக இருந்த மற்ற மூன்றிலும் அதே இடத்தில் அதே அளவுக்குச் செதுக்கினார். பெண்கள் இருவரும் வேலியோரம் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டு பார்த்தார்கள்.

"பாத்தியா காவ்யா? அப்பா பிழை விட்டாலும் நாலு கொப்பி எடுப்பார்" என்றாள் ஜெனி.

"நாலிலயும் இருந்தால் அது பிழை இல்லை. அது அளவு" என்றார் அவர் உள்ளிருந்து.

காவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். தோசை கருகினால், "எல்லாத்தையும் கருக்கிடும்மா, அது அளவு."

பெண்கள் வளர்ந்தார்கள். அவர் என் மகளுக்கும் தன் மகளுக்கும் ஒன்றுபோலவே வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு ஒரே நிறத்தில் இரண்டு கோட். இருவரும் வடக்கே ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, விடுதி அறைக்கென்று பச்சை நிறத்தில் இரண்டு கெட்டில் வாங்கிவந்து எங்கள் கூடத்தில் வைத்துக் காட்டினார். "இன்னும் இடமே கிடைக்கலே அண்ணே, அதுக்குள்ள கெட்டிலா?" என்று என் கணவர் கேட்டார். "இடம் கிடைச்ச பிறகு போனால் ஒரே நிறத்தில ரெண்டு கிடையாது" என்றார் அவர்.

இருவரும் ஓட்டுநர் தேர்வில் தேறினார்கள். அவர் ஒரு பழைய சின்ன காரை வாங்கி, அதன் ஹெட்டைக் கழற்றித் தன் கையாலேயே செதுக்கி, அளந்து, மாட்டினார். கார் இரண்டு பேருக்கும் சொந்தம். ஒரு நாள் ஜெனி ஓட்டுவாள், மறுநாள் காவ்யா. முறை மாறக்கூடாது. மாறினால் சாவியை எடுத்து வைத்துவிடுவார்.

அன்று காவ்யாவின் முறை.

மழை. விமான நிலையத்தைச் சுற்றிப் போகும் சாலையில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. கார் சறுக்கிச் சுற்றி, இடதுபக்கமாக விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. காவ்யா வலது இருக்கையில். ஜெனி இடது இருக்கையில். பிறகு காரைப் பரிசோதித்தவர்கள் என்ஜினில் ஒன்றுமில்லை, வேகமும் அதிகமில்லை, தண்ணீர்தான் காரணம் என்றார்கள். என் கணவர் மட்டும் நீண்ட நாள், "அந்த ஹெட்டை நோண்டாம இருந்திருந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது ஒரு காரணம் போதுமாயிருந்தது.

மருத்துவமனைக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். நடைக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் யாருடைய கோட்டையோ போர்த்திக்கொண்டு காவ்யா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பெல்ட் அழுத்திய ஒரு சிவப்புக் கோடு. வேறொன்றுமில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். வேறொன்றுமே இல்லை. உள்ளே ஜெனியின் இடதுகாலை என்ன செய்கிறார்கள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

அவர் மஞ்சள் நிற வேலைச் சட்டையோடு வந்தார். நடைக்கூடத்தின் முனையில் நின்று காவ்யாவைப் பார்த்தார். கண்ணை இடுக்கி, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாரே, அப்படி. மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. நான் என்னை அறியாமல் எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. வேலைக்குப் போனேன். வந்தேன். சமைத்தேன். காவ்யாவின் அறைக் கதவைத் திறந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். தேர்வெழுதும் வயதுப் பெண், தூங்கும்போது அப்படிப் பார்க்கலாமா என்று தெரியவில்லை. இன்றைக்கும் பார்க்கிறேன், அவள் விடுமுறைக்கு வரும்போது.

ஜெனியின் கால் பிழைத்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே பழையபடி வராது என்றார்கள். வீட்டின் முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். தேர்வு எழுதவில்லை. கொட்டகையிலிருந்து சத்தம் வருவது நின்றுவிட்டது. சனிக்கிழமைக் காலைகளில் விமானங்களின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு முன்பும் அவை பறந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

வேலைக்குப் போகும்போதெல்லாம் அவர் வாசலில் அந்த இரண்டு ரோஜாக் கட்டைகளைப் பார்ப்பேன். ஒன்று நோயில் போனது. மற்றது நன்றாக இருந்தது. நான் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பேன். என்ன பயம் என்று அப்போது எனக்கே வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அவர் எங்களை எதுவும் செய்யமாட்டார். அது தெரியும். ஆனாலும் ஒன்று இல்லாமல் மற்றது நின்றால் அவரால் பார்க்க முடியாது. அதுவும் தெரியும்.

காவ்யா தினமும் ஜெனியிடம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் போனால் அவர் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாராம். ஒரு நாள் வந்து சொன்னாள்: "மாமா இப்பல்லாம் குனிஞ்சு பாக்கறதில்லம்மா. டீய ஊத்திட்டு அப்படியே போயிடறார்."

ஆகஸ்டில் காவ்யாவின் தேர்வு முடிவு வந்தது. எப்படியோ எழுதியிருந்தாள், எப்படியோ தேறியிருந்தாள். இடம் உறுதி. ஒரு வாரத்துக்குள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் சமையலறையில் நின்று, எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னாள்.

"ஜெனி போகலை. நானும் போகலை."

"அடுத்த வருஷமா?"

"எப்பவுமே. இட்ஸ் ஒன்லி ஃபேர்மா."

அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே மட்டத்தில் ஊற்றிய தேநீரைக் குடித்து வளர்ந்த பிள்ளை. வெட்டுகிறவர் யாரும் வேண்டியதில்லை. அவளே குனிந்து நிலத்தோடு வெட்டிக்கொள்கிறாள்.

அவள் அப்பா சொன்னார், கேட்கவில்லை. ஜெனியே சொன்னாளாம், "ஒழுங்கா போய்த் தொலை" என்று. "அவ என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்றா" என்றாள் காவ்யா. வேறு யார் சொன்னால் கேட்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கால் முடங்கிய பெண்ணின் தகப்பனிடம் போய், என் பெண்ணைப் படிக்கப் போகச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அந்தச் சனிக்கிழமை காலையில் கொட்டகைச் சத்தம் மறுபடி கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுப் பின்கதவைத் தாண்டி, ஈரப்புல்லில் நடந்து, கொட்டகை வாசலில் நின்றேன். அவர் என் நிழலைப் பார்த்துக் கருவியை நிறுத்தினார். காது மூடியைக் கழற்றினார்.

"வாங்கோ தங்கச்சி."

விபத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. நான் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோனது. மேசையிலிருந்த ஹெட்டைக் காட்டி, "யாரோடது?" என்றேன்.

"என்னோட வேலை செய்யிற பெடியன்ர. போன கிழமை, நீங்கள் வேலைக்குப் போன நேரம் தொட்டனான். கை பழக்கம் விட்டுப் போச்சு. முதல் துளையிலயே வழுக்கிட்டுது."

"அப்போ மத்த மூணையும்..."

அவர் டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். முதல் துளையில் ஒரு கீறல், அதைச் சுற்றி ஆழமாக, அகலமாகச் செதுக்கிய இடம். இரண்டாவதைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூன்றாவது. நான்காவது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். எனக்குப் புரியாமல் இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் பார்த்தேன்.

"இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கே அண்ணே."

"ஓம்."

"அப்படியே விட்டுட்டீங்களா?"

அவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து எஃகு முனையில் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார்.

"மற்ற மூண்டும் என்ன பிழை செய்ததுகள், தங்கச்சி?"

நான் டார்ச்சை அணைத்தேன். "ஓடுமா?"

"கொஞ்சம் உதறும். ஓடும்."

பிறகுதான் சொன்னேன். "காவ்யா போகமாட்டேங்கறா."

"தெரியும். ஜெனி சொன்னவள்." கருவியைக் கீழே வைத்தார். "எப்ப மட்டும் நேரம் இருக்கு?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

அவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, புருவத்தில் வெள்ளித் தூளோடு, வேலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"காவ்யா!"

அவள் சமையலறைக் கதவைத் திறந்து நின்றாள். அத்தனை மாதங்களில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எப்ப பிள்ளை வெளிக்கிடுறாய்?"

"மாமா, நான் வந்து..."

"போறியோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. எப்ப எண்டு கேட்டனான். உங்கட அப்பான்ர காரில சாமான் எல்லாம் அடங்குமோ எண்டு பாக்கோணும்."

காவ்யா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் வேலியைத் தாண்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை நின்றார். திறந்திருந்த பின்கதவு வழியே முன்னறையிலிருந்து ஜெனியின் குரல் கேட்டது. "அவளை அந்தப் பச்சைக் கெட்டிலைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ அப்பா! சரியான வடிவில்லாத கெட்டில்!"

"நல்ல கெட்டில்" என்றார் அவர்.

செப்டம்பரில் புறப்பட்ட நாளன்று அவர்கள் வீட்டுக்குப் போய் விடைபெற்றோம். அவர் ஒரு கெட்டிலை மட்டும் கொண்டுவந்து எங்கள் காரின் பின்புறத்தில், மெத்தைக்கும் அரிசிப் பைக்கும் நடுவில் அசையாமல் செருகி வைத்தார். மற்றது அவர்கள் சமையலறையில் இருந்தது. அதில்தான் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது.

தேநீரை அவர்தான் ஊற்றினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோப்பைகள் நிறைந்திருந்தன. காவ்யாவின் கோப்பையும். ஜெனியின் கோப்பையில் மட்டும் பாதிக்குக் கீழே நிறுத்திவிட்டார். ஜெனி ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் கோப்பையுமாகச் சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்து வர வேண்டும். நிறைந்திருந்தால் தளும்பிக் கையைச் சுட்டுவிடும்.

அவர் குனிந்து பார்க்கவில்லை.